எத்தொடரைக் காணலாம்?

"ஜப்பானியரது அனிமேத் தொடர்களுள் நல்லதொன்று கூறுக" என்று எம்மை வினவாத நண்பர் நமது கல்லூரியிற் சிலரே. விடையிறுக்கும் தகுதி எமக்கு உண்டென்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். சிதம்பரத்திற் காலை வண்டியேறிக் கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் ஆகிய நிலையங்களைக் கடந்து கடலூர் வந்திறங்குமுன், ஏறக்குறைய 24 நிமிடம் ஓடும் பகுதிகள் இரண்டைக் கைப்பேசியிற் காண்பது எமது வழக்கம். வெள்ளாற்றுப் பாலத்தில் மட்டும் தலை நிமிர்வோம். இங்ஙனம் பல கண்டமையால், பிறர்க்கு ஏற்றது இன்னதென்றும் அறிவோம் எனச் செருக்குற்றோம். அது பிழையென்பதை நண்பரொருவரால் உணர்ந்தோம்.

அந்நண்பர் கடற்கரைக் குப்பமொன்றினர். மகோட்டோ ஷின்காய் இயக்கி 2022-இல் வெளிவந்த 'சுசுமே' என்பதைக் காணுமாறு அவருக்குக் கூறினோம். அது தொடரன்று, திரைப்படமே. எனினும் எம் உள்ளங் கவர்ந்தவற்றுள் தலையாயது. கதை யாதென்று அவர் கேட்டபோது, முன்னரே கூறிற் சுவை குன்றுமென்று மறைத்தோம். 2011 மார்ச் 11-ஆம் நாள் வடகிழக்கு ஜப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலையில் அன்னையை இழந்த பெண்ணின் கதை அது. நண்பரோ, 2004 டிசம்பர் 26-இல் நமது கடலூர்க் கரையில் எழுந்த பேரலைக்குப் பெண்மகவொன்றைப் பறிகொடுத்த குடும்பத்தில், அதன்பின் பிறந்தவர். இதனை யாம் அறியோம், அறிய முயன்றதுமில்லை.

அவர் தம் அன்னையாரோடு அமர்ந்து அப்படத்தைக் கண்டிருக்கிறார். அப்பெண்ணின் சிறுவயது நாட்குறிப்பில் மார்ச் 11 முதலாக ஏடுகள் கரிய வண்ணத்தால் முழுதும் பூசப்பட்டிருக்கும் காட்சி வந்ததும், அன்னையார் ஒன்றும் பேசாது எழுந்து உள்ளே சென்றனராம். நண்பரும் படத்தை நிறுத்திவிட்டார். மறுநாள், "நல்ல படந்தான், ஆனால் முன்னரே சொல்லியிருக்கலாம்" என்றார். அவர் கடிந்துரையாமையால் எமக்கு நாணம் மிகுந்தது.

சுவை அவரவர்க்குரியது என்பது உண்மையே. ஆயினும் தன் சுவையையே அளவுகோலாகக் கொண்டு பிறர்க்கு ஒன்றைப் பரிந்துரைப்பவன், பத்தியம் உண்டோ என்று கேளாது விருந்தினர் இலையிற் பரிமாறுவானை ஒப்பான். ஆதலின் யாம் பெரிதும் விரும்பும் தொடர்கள் மூன்றினை, அவை யார்க்கு உரியன, எதற்கு முன்னெச்சரிக்கை வேண்டும் என்பவற்றோடு இங்குக் கூறுகிறோம்.

முதலாவது, விடுதிக்குப் புதிதாய் வந்து ஊர் நினைவால் உறக்கமிழந்த முதலாண்டு மாணவர்க்கு: இசாவோ தகஹாட்டா இயக்கி 1974-இல் ஒளிபரப்பான 'ஹைடி', 52 பகுதிகள். ஆல்ப்ஸ் மலையிற் பாட்டனாரோடு வாழ்ந்த சிறுமி, பிராங்க்பர்ட் நகரத்து மாளிகையில் இருத்தப்பட்டு, ஏக்கத்தால் உறக்கத்திலே எழுந்து நடப்பாள். அப்பகுதிகளைத் தனித்திராது அறைத்தோழரோடு காண்க. பாட்டனார் பாலாடைக்கட்டியைத் தீயில் உருக்கி ரொட்டியின்மேல் இட்டுத் தரும் காட்சி, விடுதி உணவினர்க்குப் பெருஞ்சோதனை என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

இரண்டாவது, நாட்டியாஞ்சலி இரவுகளிற் சிதம்பரத்தில் ஆடல் கண்டு பழகியவர்க்கு: 2016-இலும் 2017-இலும் இரு பருவங்களாய் வந்த 'ஷோவா கென்ரோக்கு ரகுகோ ஷின்ஜு'. ரகுகோ என்பது ஜப்பானியர் கதை சொல்லும் கலை. சொல்வோன் மெத்தையில் மண்டியிட்டு அமர்வான், எழான். விசிறியும் கைத்துணியுமே அவன் கருவிகள். முகத்தை இடமும் வலமும் திருப்பியே பலராய் மாறுவான். நமது கதாகாலட்சேபத்திற் போல இடையிடையே பாட்டும் மிருதங்கமும் இல்லை. தம்மோடு இக்கலையும் மடியட்டும் என்றிருந்த ஆசிரியரிடம், சிறையினின்று மீண்ட ஒருவன் மாணவனாய்ச் சேர்வதே தொடக்கம். பேச்சு மிகுதியாதலின் விரைவு வேண்டுவோர் சலிப்பர். தற்கொலையும் பேசப்படுதலின் சிறார்க்கு ஆகாது.

மூன்றாவது, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டிடையே படகிற் சென்று, துடுப்பொலியன்றிப் பிறிதொலி கேளாமையில் இன்பங் கண்டவர்க்கு: 2005-இல் தொடங்கிய 'முஷிஷி', முதற்பருவம் 26 பகுதிகள். பெரும்பாலார் கண்ணுக்குப் புலனாகாத 'முஷி' என்னும் உயிர்களால் இடர்ப்படுவோரைக் கிங்கோ என்பான் ஊர்தோறும் சென்று காண்கிறான். அவன் முஷிகளைப் பகைப்பதில்லை. அவை நல்லனவுமல்ல, தீயனவுமல்ல, தம் இயல்பில் வாழ்வன என்று கொள்வான். ஒவ்வொரு பகுதியும் தனிக்கதை. சில, இழப்பிலேயே முடியும். அதனை அறிந்து தொடங்குக.

இத்தொடரைக் கடற்கரை நண்பர்க்குக் கூறுகையில், எதனையும் மறையாது விளக்கினோம். கேட்டிருந்தவர், "அந்தப் பெண் கடைசியில் என்ன ஆனாள் என்று அம்மா கேட்கிறார்கள்" என்றார். வளர்ந்த சுசுமே, அன்னையைத் தேடி அழுதலையும் தன் சிறுபருவத்தையே எதிர்கண்டு, அன்னை செய்தளித்த நாற்காலியைக் கையிற் கொடுத்து, நீ வளர்ந்து வாழ்வாய் என்று தேற்றுகிறாள் என்றோம்.

சின்னாள் கழிந்தபின் எம்மைத் தம் இல்லத்திற்கு அழைத்தார். எஞ்சிய படத்தை மூவரும் கண்டோம். முடிந்ததும் அன்னையார் எமக்குச் சோறும் மீன் குழம்பும் இட்டனர். படம்பற்றி அவர் ஒன்றும் கூறிற்றிலர், யாமும் கேட்டிலோம்.