ஹோர்ட்டாத் துறையில் ஒரு மாலை

அசோர்ஸ் தீவுகளில் ஒன்றான ஃபயாலின் துறைமுகம் ஹோர்ட்டா. அட்லாண்டிக் மாகடலைக் கடக்கும் பாய்மரப் படகுகள் இளைப்பாறும் இடம். எதிரே, நீரிணைக்கு அப்பால், 2,351 மீட்டர் உயர்ந்த பிக்கோ மலை. வருவோர் துறைச் சுவரெங்கும் தம் படகின் பெயரை ஓவியமாய்த் தீட்டிச் செல்கின்றனர். தீட்டாவிடில் தீங்கு நேருமாம்!

அங்கே முதிய தம்பதியர் ஒருவரின் படகில் ஏறினேன். கணவர் நங்கூரம் இழுக்கும் பொறியின் மிதிசுவிட்சைக் கழற்றிக்கொண்டிருந்தார். ரப்பர் மூடி வெடித்து, உள்ளே பச்சை பூத்திருந்தது. முந்தைய துறையில், காலை எடுத்த பின்னும் மோட்டார் நிற்கவில்லையாம். புகுந்த உப்புநீரே மின்முனைகளை இணைத்துவிட்டது. மீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ எடையுள்ள 10 மில்லிமீட்டர் சங்கிலி அது. அதனருகே அம்மையாரின் கை! கணவர் ஓடி மின்சாரத்தைத் துண்டித்ததால் விரல்கள் தப்பின.

1,000 வாட் மோட்டார் 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆகவே தடித்த கம்பிகளைத் தளத்தின்கீழ், நீர்புகாப் பெட்டியிலுள்ள ரிலேயோடு நிறுத்தினார். அங்கிருந்து மெல்லிய கம்பியில் ஒரு கைவிசை. சுக்கானருகே, கைக்கெட்டும் தூரத்தில், மின்துண்டிப்பான். பழைய மிதிசுவிட்சின் துளைகளை அடைத்தார்.

அம்மையார் மூன்று முறை அமுக்கினார். மூன்று முறை விட்டார். சங்கிலி நின்றது. அதன் பின்னரே எங்களுக்குத் தேநீர் கிடைத்தது.