வடக்கு எங்கே?



சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்துப் பூங்காவில் நடந்த ‘ஓரியன்டீரிங்’கில் கலந்துகொண்டேன். கையில் வரைபடமும் திசைகாட்டியும்தான். ஆரஞ்சு, வெள்ளைக் கொடிகளை வரிசைப்படி தேடிப் போகவேண்டும். கைப்பேசி பார்க்கக் கூடாது. 1919-இல் சுவீடனில் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் நடத்திய போட்டிக்குப் பிறகு பரவிய விளையாட்டு இது.

“துணைக்கு வரட்டுமாம்மா?” என்றாள் மகள். எங்கள் வீட்டுக்காரர் மறைந்தபின் இரண்டு வருஷமாக விழுப்புரத்துக்குக்கூட நான் தனியாகப் போனதில்லை. அன்று மட்டும் ஏனோ, “வேண்டாம்மா” என்றேன்.

வகுப்பில் உங்களுக்குச் சொன்னதுதான் கைகொடுத்தது: முதலில் படத்தின் வடக்கை நிஜ வடக்கோடு பொருத்தணும். நம் திருவாமாத்தூரில் அபிராமேசுவரர் கிழக்கே பார்க்கிறார். தெருவுக்கு எதிரே தனிக்கோயிலில் முத்தாம்பிகை மேற்கே பார்க்கிறாள். சுவாமியைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் வடக்கு. நினைவிருக்கிறதா?

எட்டுக் கொடிகளையும் கண்டுபிடித்தேன். கடைசிக்கு முந்தின இடம்! சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஊர் திரும்பிய வாரமே தனியாகப் பஸ் ஏறி, விழுப்புரத்தில் பென்ஷன் வேலையை முடித்துவந்தேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இன்றைக்கே கேளுங்கள், கைப்பேசி இல்லாமல் வடக்கு எங்கே என்று. பதிலை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்