தனித் தட்டு எதற்கு?

சித்தி மகளுக்கு இது ஐந்தாம் மாதம். ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்ததும் வீட்டில் முதலில் செய்தது, அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். மனசு ஆறவே இல்லை எனக்கு. சேர்ந்து சாப்பிடுவதால் இது தொற்றாது. ரத்தம், உடலுறவு, பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு என்பவைதான் முக்கிய வழிகள். அவளுக்கே பிறக்கும்போது வந்திருக்கலாம். அறிகுறியே காட்டாமல் பல வருஷம் கல்லீரலில் தங்கும் கிருமி இது. "எங்கே போய் வாங்கிட்டு வந்தா?" என்று கேட்பவர்களே, அந்தப் பிள்ளை அழுததைப் பார்த்தீர்களா?

கேட்க வேண்டியது வேறு. பிரசவம் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரியில் இம்யூனோகுளோபுலின் ஊசி கையிருப்பில் இருக்குமா? குழந்தை பிறந்ததும், கூடுமானவரை 12 மணி நேரத்துக்குள், ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின். தடுப்பூசி 24 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. பிறக்கும்போது தொற்றிக்கொண்டால் 10-ல் 9 குழந்தைகளுக்கு நாள்பட்ட நோயாகிவிடும். பின்னாளில் கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரை போகலாம். பிறந்ததும் போடும் ஊசிக்கு அப்புறம் 6, 10, 14 வாரங்களில், ஹெபடைடிஸ் பி-க்கும் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசி. தமிழ்நாட்டில் 2011 டிசம்பர் முதல் அரசே இலவசமாகப் போடுகிறது. தாயின் ரத்தத்தில் கிருமி மிக அதிகமென்றால் கடைசி மூன்று மாதம் டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள்.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். இதற்காக சிசேரியனும் வேண்டாம்.

மாப்பிள்ளை இன்னும் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. நாளைக் காலை நானே கூட்டிப் போகிறேன். சித்தியும் வர வேண்டும்.