சிவப்பு ஆயிலும் பழைய வேட்டியும்

ஆழ்வார்பேட்டையில் குடியிருக்கும் நண்பருடைய ஹோண்டா சிட்டி 2010-இல் வாங்கியது; ஆட்டோமேட்டிக். கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றவே வேண்டாம், ஆயுளுக்கும் அதுவே போதும் என்று ஓர் ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்களாம். இன்னோர் இடத்தில், மெஷின் வைத்து மொத்தமாகக் கழுவி எடுக்க வேண்டும் என்று ஒரு பெரிய தொகையை எழுதிக் கொடுத்தார்களாம். "ரெண்டு பேரையும் விடு. எங்க பாய் வர்றார், வந்து பாரு" என்று கூப்பிட்டார்.

மெக்கானிக் பாயிடம் இப்போது ஷெட் கிடையாது. டி.டி.கே. சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் தகரக் கூரை போட்டு வெகுகாலம் வைத்திருந்தார். அந்த மனை அடுக்குமாடியானதும் தொழில் அவருடைய டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஏறிக்கொண்டது. பின்னால் டூல் பெட்டி, முன்னால் ஆயில் கேன். வாடிக்கையாளர் வீட்டு கார் பார்க்கிங்தான் ஒர்க்‌ஷாப். வந்ததும் தரை சமமாக இருக்கிறதா என்று பார்த்தார். வண்டி சாய்ந்து நின்றால் ஆயில் அளவு சரியாகத் தெரியாது. அசோசியேஷன் செயலாளர் லிஃப்டில் இறங்கி வந்து, தரையில் கறை பட்டால் நண்பர்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜாக்கி வைத்துத் தூக்கியது, ஸ்டாண்டு கொடுத்தது எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். கீழே கழற்றுமுன் மேலே ஊற்றும் வழி திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "கீழ காலி பண்ணிட்டு மேல தொறக்கலன்னா வண்டி இங்கயே குடியிருக்கும் சார்."

ஹோண்டாவின் டிரெயின் போல்ட்டில் ஒரு சதுரக் குழி. ராட்செட்டின் முனை நேராக அதில் உட்கார்ந்துவிடுகிறது. போல்ட்டின் உள்முனையில் காந்தம். அதில் கறுப்பாக ஒரு பசை அப்பியிருந்தது. பாய் அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். நறநறக்கவில்லை. "நைசா இருந்தா சாதாரணத் தேய்மானம். இரும்புத் துணுக்கு மாட்டியிருந்தா நான் மூடி வெச்சிட்டுக் கிளம்பிருப்பேன். அது ஆயில் மாத்தித் தீர்ற கேஸ் இல்ல."

புது ஆயில் கண்ணாடி மாதிரித் தெளிந்த சிவப்பு. ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்று எஞ்சின் ஆயிலிலிருந்து பிரித்தறியவே சாயம் சேர்க்கிறார்கள். எங்கள் முன்னால் வடிந்ததோ பழுப்பு. கருகல் வாடை மட்டும் இல்லை. அளவு ஜாடியில் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் நின்றது. ஆனால் கியர்பாக்ஸுக்குள் இருப்பது ஐந்து லிட்டருக்கு மேல். மீதி, எஞ்சினின் சக்தியை ஆயில் வழியே கைமாற்றும் டார்க் கன்வெர்ட்டரிலும் உள்வழிகளிலும் தங்கிவிடுகிறது. வடிந்த அளவுக்கே புதிதை ஊற்றி, ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றி, படிப்படியாகப் பழையதை வெளியேற்றுவதுதான் பாயின் வழி. மெஷினும் வேண்டாம், பெரிய பில்லும் வேண்டாம்.

மேனுவல் கியர்பாக்ஸில் ஆயிலுக்கு முக்கிய வேலை வழுவழுப்புதான். ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினின் சக்தியைக் கைமாற்றுவதும், கிளட்ச்சுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டைச் சுமந்து போவதும் அதே ஆயில்தான். இவ்வளவு வேலை வாங்கும் பொருள் கெடாது என்று எப்படிச் சொல்கிறார்கள்? ஆயுள் என்றால் யாருடைய ஆயுள்? வாரண்டியின் ஆயுளாக இருக்கலாம். நெரிசலிலும் வெயிலிலும் ஓடும் வண்டிக்கு முன்கூட்டியே மாற்றச் சொல்லும் கையேடுகள் உண்டு. சென்னையில் வேறு எந்த மாதிரி வண்டி ஓடுகிறது?

பாய் ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். சின்னப் பையனாக வந்து புதுப்பேட்டையில் ஸ்பேனர் துடைத்து, அம்பாசடரில் கை பழகியவர். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மாருதி ஜென் ஆட்டோமேட்டிக் ஒன்று வந்தபோது, முதலாளி அதை இவரிடம் தள்ளிவிட்டார். எல்லாரையும் போல டிப்ஸ்டிக்கைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்தார். ஒரு நூலிழை உள்ளே போய், கியர் மாற்றத்தை நடத்தும் வால்வ் பாடியில் சிக்கிக்கொண்டது, கியர் விழவில்லை. நான்கு மாதச் சம்பளத்தில் பிடித்தார்களாம். அன்றிலிருந்து அவர் டூல் பெட்டியில், துவைத்து மடித்த பழைய வேட்டித் துண்டு தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. வேறு எதையும் அது துடைப்பதில்லை. புது ஆயில் ஊற்றியதும் நண்பரின் வண்டியை ஓட்டிச் சூடேற்றி, எஞ்சினை அணைத்து, ஒன்றரை நிமிடத்துக்குள் அந்தத் துணியால் துடைத்து அளவு பார்த்தார். மற்ற பல கம்பெனி வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே பார்ப்பார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அவர் வடித்தது வேறு நிறம். கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கினால் ஆயில் வெளுத்து நுரைத்துவிடும். "மைலாப்பூர் ரோஸ் மில்க்கேதான் சார்." அந்த நிலையில் எஞ்சினைப் போட்டு ஓட்டியவர்களின் கிளட்ச் தகடுகள் ஊறி உரிந்துபோயின. தள்ளிக்கொண்டு வந்தவர்களில் சிலர் பிழைத்தார்கள்.

நண்பர் கொடுத்த கூலி 700 ரூபாய். ஆப் கம்பெனி வழியாக வந்தால் இதில் பாதிகூடக் கைக்கு வராது என்கிறார் பாய். சில வீடுகளில் டிரைவருக்கும் ஒரு பங்கு. வண்டிக்கு அடியில் படுக்காதவர்கள் எல்லாம் வாங்கியது போகத்தான் படுத்தவருக்கு. இதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது வேறொன்றில். 2014-இல் மாருதி செலிரியோவோடு ஏ.எம்.டி. வந்தது. அது கிளட்ச்சை மிதித்துக் கியர் மாற்றும் வேலையை ஒரு கருவி செய்கிற மேனுவல் கியர்பாக்ஸ்; டார்க் கன்வெர்ட்டரே கிடையாது. அந்த வண்டிக்கும் 'ஆட்டோமேட்டிக் ஃபிளஷ்' என்று பில் போட்டதைப் பாய் பார்த்திருக்கிறார். தெரியாதவனிடம் இல்லாத வேலைக்குக் காசு வாங்குவதற்குப் பெயர் வியாபாரமா? தேவையில்லாத வேலை என்றால் திருப்பி அனுப்புகிற பாய்க்கு ஷெட் போட இடமில்லை, இப்படிப் பில் போடுகிறவர்களுக்கு ஏ.சி. வரவேற்பறை.

கிளம்புமுன் காலி ஆயில் கேன்களை வரிசையாக வைத்துக் கத்தியால் குறுக்கே கிழித்தார். முழுசாகப் போனால் போலி ஆயில் நிரப்பி விற்க நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்களாம். உங்கள் வண்டிக்கு ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். சீல் உடைப்பதைப் பாருங்கள், வடித்த ஆயிலைக் காட்டச் சொல்லுங்கள், காலி கேனைக் கேட்டு வாங்கிக் கிழித்துப் போடுங்கள். கூலியை வேலை செய்தவர் கையிலேயே கொடுங்கள்.