மாமன் மடி

மாமன் மடி என்பது சாதாரண விஷயமில்லை. மொட்டை போட, காது குத்த அந்த மடிதான் வேண்டும். சீர்த்தட்டில் என்ன இருந்தது என்பதெல்லாம் அப்புறம் நடக்கும் தணிக்கை, முதலில் மடி. தங்கச்சி மகனுக்கு மூன்று வயதானபோது, சாத்தூர் பக்கம் அவர்கள் குலதெய்வம் கோயிலில் அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. புது வேட்டி கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

பையனை இங்கே சின்னு என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு பக்கம் மேளம். தலைக்கு மேலே குழாய் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு. கற்பூரப் புகை, கசகசவென்று கூட்டம். மொட்டையடிப்பவர் தலையில் தண்ணீர் தெளித்ததும் சின்னு போட்டானே ஒரு அலறல்... குழந்தைகள் அழுது கேட்டிருக்கிறேன். இது வேறு மாதிரி. சுடுதண்ணி கொட்டியதுபோலத் துடித்தான்.

"பிடிவாதம். இறுக்கிப் பிடிங்க மாப்ளே!" என்றது ஒரு குரல்.

பிடித்தோம். கையை ஒருவர், காலை ஒருவர், தாடையை ஒருவர், இடுப்பை நான். பாதி மொட்டையில் திடீரென்று அடங்கிப் போனான். கண் திறந்திருந்தது, ஆள் அங்கே இல்லை. "பாத்தியா, சாமி அடக்கிருச்சு" என்று பெரியம்மா திருநீறு பூசினாள். எனக்கும் 'அப்பாடா' என்றுதான் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

சென்னை திரும்பிய பிறகுதான் வட்டி கட்ட ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுப் படியேறினால் சின்னு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். சாக்லேட், பேட்டரி கார், எதற்கும் வெளியே வரமாட்டான். ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். அவன் பேச ஆரம்பிக்காததை அதுவரை "எங்க வம்சத்துல ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்" என்று சமாளித்து வந்த தங்கச்சி, ஒருவழியாக டாக்டரிடம் கூட்டிப் போனாள். ஆட்டிசம் என்றார்கள். மொட்டையால் வந்ததில்லை. முன்னாலேயே இருந்தது, எங்களுக்குத்தான் கண் தெரியவில்லை.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண். நான் பி.காம். என்று தெரிந்தோ என்னவோ, கணக்காகவே சொன்னார். "நமக்கு மேளம், புகை, ஈரம், கூட்டம் எல்லாமே வரும் சார். ஆனா மூளை முக்கியமானதை வெச்சுக்கிட்டு மிச்சத்தைத் தள்ளுபடி பண்ணிடும். இவனுக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. எல்லாமே முழு விலை." லேசாகத் தொட்டால் இவனுக்குச் சுருக்கென்று இருக்கும், நிதானமாக அழுத்திப் பிடித்தால் இதமாக இருக்கும் என்றார். ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்கத் தெரபிஸ்ட் 1970களிலேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறாராம். ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக இதை அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் சேர்த்தது 2013இல்தான். டாக்டர்களுக்கே அவ்வளவு காலம் ஆனபோது பெரியம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை.

எனக்கு ஒரே சந்தேகம். அழுத்தினால் இதம் என்றால், நாங்கள் நாலு பேர் அழுத்தினோமே, அது என்ன?

தெரபிஸ்ட் டெம்பிள் கிராண்டின் கதையைச் சொன்னார். ஆட்டிசம் உள்ள அமெரிக்கப் பெண்மணி, கால்நடை விஞ்ஞானி, பேராசிரியை. பதின்வயதில் அரிசோனாவில் அத்தையின் பண்ணைக்குப் போனபோது, ஊசி போடுவதற்காக மாடுகளை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் கூண்டைப் பார்க்கிறார். உள்ளே போன மாடுகளில் சில சாந்தமாவதைக் கவனித்து, தானே உள்ளே போய் நின்று பார்த்திருக்கிறார். படபடப்பு குறைந்திருக்கிறது. பிறகு பலகைகளை வைத்துத் தனக்கென்று ஒன்று செய்துகொண்டார். மனிதர்கள் கட்டிப்பிடித்தால் தாங்காத பெண், அந்தப் பலகைகளின் அணைப்பில் ஆறுதல் அடைந்தார்.

"ஒண்ணைக் கவனிச்சீங்களா சார்? எவ்வளவு அழுத்தணும்கிற பிடி அவங்க கையிலேயே இருந்தது."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. சாத்தூரில் பிடி யார் கையில் இருந்தது என்பதற்கு நானே சாட்சி.

"கூப்பிடாதீங்க, தொடாதீங்க. அவன் என்ன பண்றானோ அதைக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து நீங்களும் பண்ணுங்க" என்பதுதான் எனக்கு எழுதித் தரப்பட்ட மருந்து. சின்னு செய்வது ஒன்றுதான். எவர்சில்வர் டப்பா மூடியைத் தரையில் பம்பரமாகச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை தலையைச் சாய்த்துப் பார்ப்பான். மூட்டு வலியோடு நானும் ஹாலில் குந்தி மூடி சுற்றினேன். மாப்பிள்ளை பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். செய்து பார்த்தால் தெரியும், அது ஒன்றும் மட்டமான பொழுதுபோக்கில்லை. நிற்கப் போகும் சமயத்தில் மூடி ஒரு சத்தம் போடுகிறது பாருங்கள்!

நாலாவது ஞாயிறு என் மூடி சோபாவுக்கு அடியில் ஓடிவிட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. சின்னு வெளியே வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. மூடியை எடுத்து என் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கப்புறம் வீடே கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. சட்டைக் கழுத்தில் குத்தும் லேபிளைத் தங்கச்சி வெட்டி எறிந்தாள். கொய்யென்று இரைந்த டியூப்லைட் போனது. மிக்ஸி போடும் முன்னால் அவனிடம் சொல்லிவிட்டு, ஸ்விட்சையும் அவனையே தட்டச் சொன்னோம். சத்தம் அதேதான், ஆனால் எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியும். சாயங்காலம் உடம்பு தறிகெட்டு ஓடும் நேரத்தில் வேலை கொடுப்போம். பாதி வாளித் தண்ணீரைப் பால்கனிச் செடிக்குத் தூக்குவது, சப்பாத்தி மாவைக் குத்திப் பிசைவது, நனைந்த போர்வையை ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்குவது. தசைக்கும் மூட்டுக்கும் வேலை வந்தால் பிள்ளை நிதானமாகிறான். அரிசி டப்பாவுக்குள் கோலிகுண்டு புதைத்துத் தேடச் சொன்னால் அரை மணி நேரம் ஓடும். அரிசி வீடு முழுக்க இருக்கும், அது வேறு விஷயம். கோலி வாய்க்குப் போகாமல் ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும், அதுவும் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா பழைய நூல்சேலையில் தூளி கட்டினாள். "நாலு வயசுப் பிள்ளைக்குத் தூளியா?" என்று எதிர் வீட்டில் சிரித்தார்கள். தெரபிஸ்ட் பார்த்துவிட்டு, "இதைத்தான் பாட்டி நாங்க விலை கொடுத்து வாங்கி மாட்டி வெச்சிருக்கோம்" என்றதிலிருந்து அம்மா எதிர் வீட்டுப் பக்கம் திரும்புவதே இல்லை. ஆனால் அதே சென்டரில் இன்னொரு பிள்ளை, கால் தரையை விட்டு எழும்பினாலே அலறும். அதற்குத் தூளி நரகம். ஒரு பிள்ளையின் மருந்து இன்னொன்றுக்கு ஒத்துவராது. இதெல்லாம் ஆட்டிசத்தைக் குணப்படுத்திவிடும் என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

செல்போனும் கொடுத்துப் பார்த்தோம். அமைதி வரும். பிடுங்கும்போது வட்டியும் முதலுமாகப் போய்விடும்.

எனக்கும் அவனுக்குமான விளையாட்டு பாய்ச்சுருட்டு. கோரைப்பாயில் படுப்பான். தலை வெளியே இருக்க, சுருட்டி லேசாக இறுக்குவேன். "ன்னும்" என்றால் இன்னும் கொஞ்சம். "போ" என்றால் அந்த விநாடியே விரித்துவிட வேண்டும், பேரமே கிடையாது. அவன் என்னிடம் பேசிய முதல் இரண்டு வார்த்தைகள் அவைதான்.

இப்போது அவனுக்கு ஐந்து வயது. முடி வெட்டுவது வீட்டில், நான்தான். முதல் வாரம் கத்தரிக்கோல் சும்மா மேஜைமேல் கிடந்தது. அடுத்த வாரம் பொம்மைக்கு வெட்டினோம். இப்போது துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு என் மடியில் உட்காருகிறான். இரண்டு உள்ளங்கையாலும் தலையை அழுத்திப் பிடித்துவிட்டு, "அஞ்சு வெட்டு" என்று எண்ண ஆரம்பிப்பேன். போன மாதம் வலது பக்கம் முடிந்ததும் "போ" என்றான். நிறுத்திவிட்டேன். ஒரு பக்கம் கிராப்பும் ஒரு பக்கம் காடுமாக நான்கு நாள் பள்ளிக்கூடம் போய்வந்தான்.

போன வாரம் தங்கச்சியின் மாமியார் ஊரிலிருந்து போன் செய்தார்.

"ஏம்ப்பா, காது குத்தாமலே கிடக்கே? வர்ற தையில வெச்சுக்கலாமா? மாமன் மடி ரெடியா இருக்குல்ல?"

"மடி ரெடிதான் அத்தை. சின்னுகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

"அஞ்சு வயசுப் பிள்ளகிட்ட என்னத்தக் கேப்ப?" என்று போனை வைத்துவிட்டார்.