கையுறையின் மேல்தோல்

எங்கள் வீட்டில் ரப்பர் பால் யாருக்கும் அரித்ததில்லை. ஜொகூரில் பால்மரம் வெட்டிய அப்பாவின் கையில் மங்கிலிருந்து வழியும் பால் காய்ந்து ஏடாக உரியும், அவ்வளவுதான். ஆனால் ஜொகூர் பாருவில் தாதியாக இருக்கும் தங்கச்சிக்கு அதே பாலில் செய்த கையுறையைப் போட்டால் மணிக்கட்டு வரை தடித்துவிடும். இந்த அரிப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கினேன்.

ரப்பர் கையுறையால் தோல் உடனுக்குடன் தடிப்பதை 1979-இல் பிரிட்டனில் நட்டர் என்ற மருத்துவர் பதிவு செய்தார். அதற்குமுன் பழி பெரும்பாலும் ரசாயனங்கள் மேல்தான் விழுந்தது. எய்ட்ஸ் பயத்தில் 1980-களின் இறுதியில் மருத்துவமனைகளெல்லாம் கையுறை மாட்டின, அரிப்பவர்களும் பெருகினார்கள். மரத்துப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். புரதம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு மட்டுமே. ரப்பர் துகளைப் போர்த்தியிருக்கும் ஹெவ் பி 1 உட்படப் பல புரதங்கள் இன்று ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கின்றன. பால் உலரும்போது கரையும் புரதம் மேலே வந்து தங்கும். சரியாகக் கழுவாவிட்டால் அங்கேயே நிற்கும்.

சரி, மேலே நிற்பதை எப்படிப் பார்ப்பது? ஸ்கூடாயில், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஓர் ஆய்வு மாணவரிடம் கேட்டேன். "எக்ஸ்.பி.எஸ். போடணும், அண்ணே" என்றார். அந்தக் கருவியில் பொருளின்மேல் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினால் எலக்ட்ரான்கள் வெளியே தெறிக்கும். அவற்றின் ஆற்றலை அளந்தால் எந்தத் தனிமத்திலிருந்து கிளம்பின, அந்த அணு எதோடு பிணைந்திருந்தது என்று தெரியும். ஆழத்திலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் வழியிலேயே ஆற்றலை இழந்துவிடும். அதனால் மேலுள்ள பத்து நானோமீட்டர்தான் பேசும். கையுறையின் தடிமனில் அது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் தோலில் படுவதும் அதுதானே.

நகமளவுத் துண்டைக் கத்தரித்து, விரல் படாமல் இடுக்கியால் எடுத்துக் காட்டினார். விரல் எண்ணெய் பட்டால் கருவி அந்த எண்ணெயைத்தான் அளக்கும். ஈரமும் ஆகாது, உள்ளே கடும் வெற்றிடம். உயிர்ப்பொருள்களைப் பொதுவாக உலர்த்தியோ உறைய வைத்தோதான் உள்ளே அனுப்புவார்கள்.

"ரப்பர்னா வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். ஹைட்ரஜன் இதுக்குத் தெரியாது. அதனால 285 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் கார்பன் மட்டும் நின்னா சுத்தம். 400 பக்கம் நைட்ரஜன் எழும்பினா வெளியாள்!"

அந்த வெளியாள் புரதம்தானா? ரப்பரை இறுகவைக்கச் சேர்க்கும் டைதயோகார்பமேட்டிலும் நைட்ரஜன் உண்டு. 288 பக்கம் அமைடுக் கார்பன் சேர்ந்து எழுந்தால் புரதத்தின்மேல் சந்தேகம் வலுக்கும். கந்தகமும் துத்தநாகமும் தூக்கலாக நின்றால் மற்றதன்மேல். எந்தப் புரதம் என்ற பெயரை இந்தக் கருவி சொல்லாது, அதற்கு எதிர்ப்புப் புரதச் சோதனை வேண்டும். இதை மறந்து, ஆய்வேடுகளில் எக்ஸ்.பி.எஸ். வரைபடத்தை அலங்காரத்துக்கு ஒட்டுகிறவர்கள் நிறைய.

கருவியின் பூர்வீகம் சுவீடன். உப்சாலாவில் காய் சீக்பான் 1954-இல் சாதாரண உப்பிலிருந்து தெளிவான நிறமாலை எடுத்தார். பத்தாண்டு கழித்து, புகைப்படக்காரர்களின் ஹைப்போவிலுள்ள இரண்டு கந்தக அணுக்களும் இரண்டு முகடுகளாகப் பிரிந்து நின்றன. ஒரே தனிமம்தான், பிணைப்புதான் வேறு. 1967-இல் வந்த அவர் குழுவின் நூலில் பி12 வைட்டமினும் இருந்தது. 181 அணுக்களில் ஒன்றேயொன்றான கோபால்ட் அதில் தனியாகத் தெரிந்தது. உயிர்ப்பொருள் இந்தக் கருவிக்குப் புதிதல்ல என்று எனக்கு உறைத்தது இங்கேதான். 1981-இல் அவருக்கு நோபல் பரிசு. அவர் அப்பா மான்னெ சீக்பானுக்கு 1924-க்கான பரிசு முன்பே கிடைத்திருந்தது.

தங்கச்சி இப்போது நைட்ரைல் கையுறைக்கு மாறிவிட்டாள். மரத்துப் புரதம் அதில் இல்லை. அரிப்பு வெகுவாகக் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. மாணவரிடம் மறுபடி கேட்டேன். "நைட்ரைலோட உடம்புலயே நைட்ரஜன் இருக்கு, அண்ணே. அந்தத் துப்பு இங்க செல்லாது. கந்தகத்தையும் துத்தநாகத்தையும்தான் தேடணும்" என்றார்.