உத்தரமேரூர்க் கற்சுவர்

உத்தரமேரூருக்குச் செல்லும் நேயர்கள், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களைப் பாராமல் திரும்பலாகாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வகுத்த தேர்தல் விதிகள் அங்கே கல்லில் இருக்கின்றன. 30 குடும்புகளிலும் தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாத ஒரு பாலகனைக் கொண்டு எடுப்பித்தார்கள்.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை குடும்பத்தாருக்கு இவற்றை விளக்கினேன். கணக்குக் காட்டாத வாரியத்தார் மட்டுமல்ல, அவருடைய அத்தை மக்கள், மாமன் மக்கள் பெயருங்கூடக் குடத்தில் புகலாகாது என்றேன். உடனே என் 15 வயதுக் குமாரன், “அத்தான், நீ ஒழுங்காக இரு, இல்லாவிட்டால் எனக்கும் இடமில்லை!” என்றான். எல்லோரும் நகைத்தோம். ஆயினும், உறவைச் சொல்லிச் சலுகை தேடும் நமக்கு, உறவினர் தவற்றுக்கும் விலக்கு விதித்த அக்கல்லெழுத்து லேசான பாடமன்று.